ரன் லோலா ரன்: படம் பார்த்து முடித்தவர்கள் கேட்கும் கேள்விகள்

1998-இல் வெளிவந்த ஜெர்மன் படம். மூலப் பெயர் ‘லோலா ரென்ட்’. டாம் டிக்வர் எழுதி இயக்கியது. மொத்தமே 81 நிமிடம்தான், ஆனால் யாருக்குப் போட்டுக் காட்டினாலும் அதற்கு மேல் இரண்டு மணி நேரம் பேச்சு ஓடும். அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் மூன்று கேள்விகளில் கதையின் தொடக்கம் மட்டும் வரும். அதற்குப் பிறகு முடிவு வரை எல்லாமே வரும், ஆகவே படம் பார்க்காதவர்கள் அங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை என்ன?

பெர்லினில் லோலா என்ற பெண். அவளுடைய காதலன் மானி ஒரு கடத்தல் கும்பலுக்கு எடுபிடி வேலை பார்க்கிறான். கும்பல் தலைவன் ரோனிக்குச் சேர வேண்டிய 1,00,000 மார்க் பணப்பையைச் சுரங்க ரயிலில் மறந்துவிட்டு இறங்கிவிட்டான். அதே பெட்டியில் இருந்த ஒரு நாடோடி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மணி 11:40. பன்னிரண்டு மணிக்கு ரோனி வருவான், பணம் இல்லையென்றால் மானி உயிரோடு இருக்க மாட்டான். தெருவோர டெலிபோன் கூண்டிலிருந்து அழுதுகொண்டே லோலாவை அழைக்கிறான். “இருபது நிமிஷத்துல வர்றேன், நீ அங்கேயே இரு” என்று சொல்லிவிட்டு அவள் ஓடத் தொடங்குகிறாள். அந்த இருபது நிமிடம் மூன்று முறை நடக்கிறது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

ஜெர்மனியில் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்க்கலாம் என்றார்கள். அமெரிக்காவில் வன்முறைக்கும் கெட்ட வார்த்தைகளுக்கும் ‘ஆர்’ சான்றிதழ் (17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும்) கொடுத்தார்கள். துப்பாக்கி உண்டு, ரத்தம் கொஞ்சம் உண்டு, அப்பா அம்மா சம்பந்தப்பட்ட கசப்பான பேச்சு நிறைய உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்குவார்கள். அதற்குக் கீழே என்றால் நீங்கள் முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆங்கில டப்பிங்கில் பார்க்கலாமா?

வேண்டாம். வசனம் குறைவு, அதனால் சப்டைட்டில் படிப்பது பெரிய வேலையே இல்லை. லோலாவாக வரும் ஃபிராங்கா பொடென்ட்டேயின் மூச்சிரைப்பும் குரலும்தான் படத்தின் பாதி. பின்னணியில் ஓடும் டெக்னோ பாடல்களில் கேட்பதும் அவருடைய குரலே.

‘மாநாடு’ படம் மாதிரி இதுவும் டைம் லூப்பா?

பார்க்க அப்படித்தான் இருக்கிறது, ஆனால் விதிகள் வேறு. மாநாட்டில் நாயகனுக்குத் தான் சுழலில் மாட்டியிருப்பது தெரியும், வில்லனுக்கும் தெரியும், அந்தப் போட்டிதான் சுவாரசியம். லோலாவுக்கு யாரும் எதையும் விளக்குவதில்லை. ஏன் மறுபடி தொடங்குகிறது என்பதற்கு அறிவியல் காரணமோ சாமி காரணமோ கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் ஓட்டத்தின் முடிவில் லோலா போலீஸ்காரரின் குண்டு பாய்ந்து தெருவில் கிடக்கிறாள். சாகும் நேரத்தில், தனக்குப் போக விருப்பமில்லை என்று முடிவெடுக்கிறாள். உடனே காற்றில் பறக்கும் சிவப்புப் பை சிவப்பு டெலிபோன் ரிசீவராக மாறிக் கீழே விழுகிறது, கடிகாரம் 11:40-க்குத் திரும்புகிறது. இரண்டாம் ஓட்டத்தில் ஆம்புலன்ஸ் மோதி மானி சாகக் கிடக்கிறான். அங்கேயும் லோலா ஒப்புக்கொள்ளவில்லை, மறுபடியும் ரிசீவர் விழுகிறது. கடிகாரத்தைத் திருப்பி வைப்பது அவளுடைய பிடிவாதம்.

தற்செயலா, நம் முடிவா என்று இந்தப் படத்தை வைத்து ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்கள். நான் பார்த்த வரையில் இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்திருக்கிறார் டிக்வர். “இது முடியவில்லை” என்று சொல்வது மட்டும்தான் லோலாவின் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சில விநாடிகள் முந்துவதும் பிந்துவதும்தான்.

முந்தைய ஓட்டம் அவளுக்கு நினைவிருக்கிறதா?

மூளைக்கு நினைவிருப்பதாகத் தெரியவில்லை, கைக்கு நினைவிருக்கிறது. முதல் ஓட்டத்தில் சூப்பர் மார்க்கெட்டில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அதை எப்படி இயக்குவது என்று தெரியாமல் நிற்பாள். சேஃப்டியை விடுவிக்க மானிதான் சொல்லித் தருவான். இரண்டாம் ஓட்டத்தில் அப்பாவின் வங்கியில் காவலாளியின் துப்பாக்கியைப் பிடுங்குகிறாள். இந்த முறை யாரும் சொல்லித்தராமலே சேஃப்டியைத் தள்ளிவிட்டுச் சுடுகிறாள். முதல் முறை பார்க்கும்போது பெரும்பாலானவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

மாடிப்படி நாயும் அப்படித்தான். இரண்டாம் முறை நாயோடு நிற்கும் பையன் காலை நீட்டித் தடுக்கிவிடுகிறான், உருண்டு விழுகிறாள். மூன்றாம் முறை தாண்டிக் குதித்துப் போய்விடுகிறாள்.

மூன்றாம் ஓட்டத்தில் மானி தானாகவே பணத்தை மீட்டுவிடுகிறானே. அப்படியானால் லோலா ஓடியதே வீணா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கேட்பவர்கள் ஏமாந்த குரலில்தான் கேட்பார்கள். மூன்று முறை உயிரைக் கொடுத்து ஓடுகிறாள், கடைசியில் வந்து சேர்ந்தால் அவன் ரோனியின் காரிலிருந்து ஹாயாக இறங்கி வருகிறான்!

பொறுங்கள். நாடோடி மானியின் கண்ணில் எப்படிப் பட்டான்? சைக்கிளில் போனான். சைக்கிள் எங்கிருந்து வந்தது? தெருவில் ஓடும் லோலாவின் பக்கத்தில் ஒரு சைக்கிள்காரன் வருவானே, அவன் விற்றது. முதல் இரண்டு ஓட்டங்களில் அவன் அவளோடு ஒட்டிக்கொண்டே வந்து “சைக்கிள் வேணுமா?” என்று பேரம் பேசுகிறான், அவள் வேண்டாம் என்கிறாள், அவன் தன் வழியே போய்விடுகிறான். மூன்றாம் முறை இருவரும் மோதிக்கொள்ளப் பார்க்கிறார்கள். அதில் அவன் போகும் வழி மாறி, ஒரு தீனிக்கடையில் வண்டியை நிறுத்துகிறான். அங்கே பணப்பையோடு உட்கார்ந்திருக்கும் நாடோடியிடம் சைக்கிளை விற்கிறான். நாடோடி அதில் ஏறி நேராக மானி நிற்கும் தெருவுக்கு வருகிறான்.

சரி, தெருவில் போகிற ஒரு சைக்கிளை மானி ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்? டெலிபோன் கூண்டுக்கு வெளியே ஒரு பார்வையற்ற பெண்மணி நிற்கிறார். மானிக்கு டெலிபோன் கார்டு கொடுத்து உதவியவர். மூன்றாம் ஓட்டத்தில் மானி கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் அவன் கையைப் பிடித்து ஒரு கணம் நிறுத்துகிறார், முகத்தைத் தெருப்பக்கம் திருப்புகிறார். மானியும் திரும்புகிறான். கண் தெரியாதவர் காட்டித்தான் கண் தெரிந்தவன் பார்க்கிறான். (அந்தப் பெண்மணியாக நடித்திருப்பவர் மோனிகா பிளைப்ட்ராய். மானியாக நடித்த மோரிட்ஸ் பிளைப்ட்ராயின் சொந்த அம்மா.)

ஆக, லோலா ஓடியிருக்காவிட்டால் சைக்கிள்காரன் வழி மாறியிருக்க மாட்டான். மானியைக் காப்பாற்றியது அவள்தான். ஆனால் அது அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, படத்துக்குள் இருக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் கவனித்துப் பார்த்தால்.

வழியில் இடிபடுகிறவர்களின் வாழ்க்கை ‘படக் படக்’ என்று போட்டோக்களாக வருகிறதே, அது எதற்கு?

லோலா யாரையாவது உரசிவிட்டுப் போனால் ‘அப்புறம்...’ என்று எழுத்து விழும். அந்த ஆளின் எதிர்காலம் சில விநாடிகளுக்குள் புகைப்படங்களாக ஓடி முடியும். குழந்தை வண்டி தள்ளும் பெண்ணுக்கு ஒரு ஓட்டத்தில் குழந்தையை அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போகிறார்கள், இன்னொன்றில் லாட்டரி அடிக்கிறது, மூன்றாவதில் பக்தி மார்க்கத்தில் இறங்கிவிடுகிறாள். சைக்கிள்காரனுக்கு ஒருமுறை கல்யாணம், ஒருமுறை போதைப் பழக்கமும் சாவும்.

‘இடித்ததற்கும் லாட்டரிக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கணக்குக் கேட்பவர்கள் உண்டு. நேரடிச் சம்பந்தம் ஒன்றும் காட்டப்படவில்லை. ஒரு குறும்பு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் கொஞ்சம் கொடூரமும் இருக்கிறது. பக்கத்தில் நின்றவர்களின் தலையெழுத்து புரண்டுபோனதைத் திரும்பிப் பார்க்காமல் அவள் ஓடிக்கொண்டே இருக்கிறாள்.

இதை விட நுட்பமானது அப்பாவின் அறைக்குள் நடப்பது. லோலாவின் அப்பா வங்கி அதிகாரி. அவருக்கு யுட்டா என்று ஒரு காதலி, அவள் கர்ப்பமாக இருக்கிறாள். அதே அறை, அதே உரையாடல், ஆனால் மூன்று முறையும் அது வேறு வேறு இடத்தில் அறுபடுகிறது. முதல் முறை, “என்னோடு குழந்தை வேண்டுமா?” என்று அவள் கேட்டு, அவர் ஆமாம் என்றதும் லோலா கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுகிறாள். இரண்டாம் முறை மாடிப்படியில் விழுந்ததால் அவளுக்குத் தாமதம். அந்த இடைவெளியில், குழந்தை அவருடையது அல்ல என்பதையும் யுட்டா சொல்லிவிடுகிறாள், லோலா நுழையும்போது அறையில் பெரிய சண்டை. மூன்றாம் முறை அவர் ஆமாம் என்றதும் நண்பர் மையர் காரோடு வந்துவிட்டதாகத் தகவல் வருகிறது. மனிதர் சந்தோஷமாகக் கிளம்பிவிடுகிறார், உண்மை அவர் காதுக்கு எட்டவே இல்லை. ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க நேரம் கிடைக்கிறதா இல்லையா என்பதில் ஒரு குடும்பம் உடைகிறது அல்லது தப்பிக்கிறது. எதிர்காலப் போட்டோக்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு இந்த அறைதான் படத்தின் மையம்.

மூன்றாம் ஓட்டத்தில் வரும் கேசினோ சூதாட்டக் காட்சி காதில் பூச்சுற்றும் வேலை இல்லையா?

கணக்கில் பிழை இல்லை. ஐரோப்பிய ரூலட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஓர் எண்ணில் கட்டி ஜெயித்தால் கட்டியதைப் போல 35 மடங்கு தருவார்கள், கட்டிய பணமும் திரும்பி வரும். லோலா 100 மார்க் சிப் ஒன்றை 20-ஆம் எண்ணில் வைக்கிறாள். வந்தால் 3,600. அதை அப்படியே மறுபடியும் 20-இல் வைக்கிறாள். வந்தால் 1,29,600. இரண்டும் வருகின்றன. கட்டிய எண்ணே தொடர்ந்து இரண்டு முறை விழ வாய்ப்பு 1,369-இல் ஒன்று. நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் இதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

நம்ப முடியாதது அந்த அலறல்தான். சக்கரம் சுற்றும்போது அவள் கத்துகிற கத்தலில் கண்ணாடிகள் நொறுங்குகின்றன. அது வரைக்கும் தற்செயல் அவளை ஆட்டிவைத்தது, இந்த ஒரு இடத்தில் அவள் தற்செயலைப் பார்த்து அதட்டுகிறாள். விதியை மதியால் வெல்லலாம் என்பார்கள், இவள் தொண்டையால் வெல்கிறாள். தர்க்கம் பார்க்கிறவர்கள் இங்கே எழுந்து போய்விடுவார்கள். நான் ஒவ்வொரு முறையும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கேசினோவுக்குப் போவதற்குச் சற்று முன், கண்ணை மூடிக்கொண்டு ஓடியபடியே ‘இந்த ஒரு தடவை உதவி செய்’ என்று யாரிடமோ வேண்டுகிறாள். முதல் ஓட்டத்தில் அப்பாவிடம் கேட்டாள், கிடைக்கவில்லை. இரண்டாவதில் துப்பாக்கியைக் காட்டிப் பறித்தாள், பணம் கிடைத்தது, ஆனால் மானி போனான். மூன்றாவதில் கேட்பதற்கு ஆளே இல்லை.

வங்கிக் காவலாளி யார்? அவர்தான் லோலாவின் உண்மையான அப்பா என்கிறார்களே?

படம் அதை உறுதிப்படுத்தவில்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடம் நிறைய. முதல் ஓட்டத்தில், லோலா தனக்குப் பிறந்தவள் அல்ல என்று அப்பா முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். யாருக்குப் பிறந்தவள் என்று சொல்வதில்லை. காவலாளி ஷூஸ்டர் மூன்றாம் ஓட்டத்தில் வாசலில் அவளைப் பார்த்து, “வந்துட்டியாம்மா, ஒருவழியா” என்பது போல ஒன்று சொல்கிறார். காவலாளி பேசுகிற பேச்சு இல்லை அது. அப்புறம் ஆம்புலன்ஸில் மாரடைப்போடு கிடப்பவர் அவரே. லோலா ஏறி உட்கார்ந்து கையைப் பிடித்ததும் துடிப்பு சீராகிறது. அவளுக்கு நேரம் போய்க்கொண்டிருக்கிறது, ஆனாலும் உட்காருகிறாள்.

படத்தின் தொடக்கத்தில் பந்தை உதைத்து ஆட்டத்தை ஆரம்பித்து வைப்பதும் இதே ஆள்தான். அப்பாவோ இல்லையோ, கதைக்குள் இவருக்குச் சம்பளத்துக்கு மீறிய பொறுப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது.

மானி மாதிரி ஒரு சோப்ளாங்கிக்காக இப்படி ஓட வேண்டுமா?

பெண்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் சிவப்பு வெளிச்சத்தில் இருவரும் படுத்துக்கொண்டு பேசுவார்களே, அங்கே லோலாவுக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறது. “என்னை நேசிக்கிறாயா, எப்படித் தெரியும், வேறொருத்தியாக இருந்தால்?” என்று துருவித் துருவிக் கேட்கிறாள். அவன் சொல்லும் பதில்கள் சுமார்தான். இரண்டாவது பேச்சில், ‘நான் செத்துப்போனால் நீ என்ன செய்வாய்?’ என்று அவன் கேட்கிறான். படம் மூச்சுவிடும் இரண்டே இடங்கள் இவை. சிலர் இங்கே போனை எடுத்துப் பார்க்கிறார்கள், பாவம்.

சில காட்சிகள் மட்டும் ஏன் மங்கலாக, டிவி சீரியல் மாதிரி இருக்கின்றன?

வேண்டுமென்றே செய்தது. லோலாவோ மானியோ இருக்கும் காட்சிகள் 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. இருவருமே இல்லாத காட்சிகள், உதாரணமாக அப்பாவும் யுட்டாவும் தனியாகப் பேசுவது, வீடியோவில் எடுக்கப்பட்டவை. லோலா கதவைத் திறந்து நுழைந்ததும் படம் தெளிவாகிவிடும்.

பெர்லினில் அவள் ஓடும் வழி சரிதானா?

சுத்தமாக இல்லை. ஓபர்பாம் பாலம் நகரத்தின் கிழக்கே, வங்கி இருக்கும் கட்டடம் நடுவில் பேபல்பிளாட்ஸ் சதுக்கத்தில், சூப்பர் மார்க்கெட் மேற்கே சார்லோட்டன்பர்க்கில். இருபது நிமிடத்தில் ஒலிம்பிக் வீரராலும் முடியாது. பெர்லின்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் நகரத்தின் கதை உள்ளே ஒளிந்திருக்கிறது. லோலா ஏன் முதலிலேயே மானியை அழைத்துவரப் போகவில்லை? சிகரெட் வாங்கப் போன இடத்தில் மொபெட் திருடு போனது. டாக்சி பிடித்தாள், டிரைவர் கிழக்கு பெர்லினில் இருக்கும் அதே பெயருடைய இன்னொரு தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். 1920-இல் பல ஊர்களைச் சேர்த்துத்தான் பெரிய பெர்லின் உருவானது. அதனால் ஒரே பெயரில் பல தெருக்கள் நகரத்தில் நின்றுவிட்டன. இத்தனை ஓட்டத்துக்கும் ஒரு காரணம் அந்தத் தெருப்பெயர். ஓபர்பாம் பாலமும் பெர்லின் சுவர்க் காலத்தில் எல்லைச் சாவடியாக இருந்ததுதான்.

வெறும் மியூசிக் வீடியோ, உள்ளே சரக்கு இல்லை என்கிறார்களே?

வந்த காலத்திலிருந்தே இந்தக் குற்றச்சாட்டு உண்டு. வீடியோ கேம் என்றார்கள், எம்டிவி என்றார்கள். கார்ட்டூன், திரையை மூன்றாகப் பிரிப்பது, நில்லாத டெக்னோ எல்லாம் இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. சிலருக்குத் தலைவலி வருவதும் உண்மைதான், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். ஆனால் அப்பாவின் அறையை மூன்று முறையும் கவனமாகப் பார்த்துவிட்டு, சரக்கு இல்லை என்று சொல்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மத்திலட் போன்ஃபுவாவின் எடிட்டிங் வேகத்துக்காகப் பேசப்படுகிறது. நானோ எங்கே வெட்டாமல் நிறுத்தியிருக்கிறார் என்பதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

முதலில் வரும் கால்பந்து வாசகம் யாருடையது?

செப் ஹெர்பெர்கர். 1954-இல் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பை வென்றபோது பயிற்சியாளர். ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டத்துக்கு முந்தைய நேரம் தொடங்கிவிடுகிறது என்பது அவர் வாக்கு. டி.எஸ். எலியட்டின் கவிதை வரியும் அதோடு வருகிறது.

இதே கருத்தில் முன்பே படம் வந்திருக்கிறதா? ரீமேக் உண்டா?

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி 1981-இலேயே, ஒருவன் ரயிலைப் பிடிக்க ஓடுவதை வைத்து மூன்று வாழ்க்கை காட்டும் ‘பிளைண்ட் சான்ஸ்’ எடுத்துவிட்டார். தணிக்கையால் அது 1987-இல்தான் வெளிவந்தது. அது நிதானமான, அரசியல் படம். பின்னால் கீஸ்லோவ்ஸ்கி பங்குகொண்டு எழுதிய ஒரு திரைக்கதையை, அவர் மறைந்த பிறகு, 2002-இல் ‘ஹெவன்’ என்று இயக்கியவர் டிக்வரேதான். ரீமேக் என்றால் 2022-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த இந்திப் படம் ‘லூப் லபேட்டா’, டாப்சி பன்னு நடித்தது. மூலத்தை முதலில் பாருங்கள்.

ஜெர்மனியில் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1999-இல் ஜெர்மன் திரைப்பட விருதுகளில் சிறந்த படம் உட்படப் பலவற்றை வாங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவில் உலக சினிமா பிரிவில் பார்வையாளர் விருது. ஆஸ்கருக்கு ஜெர்மனி அனுப்பிவைத்தது, இறுதிப் பட்டியலுக்குள் நுழையவில்லை. ஜெர்மன் திரைப்பட விருதுச் சிலைக்கு இப்போது ‘லோலா’ என்றுதான் பெயர். பழைய படங்களில் வரும் வேறு இரண்டு லோலாக்களுக்கும் அந்தப் பெயரில் பங்குண்டு.

கடைசியில் அந்தப் பையை என்ன செய்வார்கள்?

மானி ரோனியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டான். லோலாவின் கையில் அதற்கு மேல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மார்க். “பையில் என்ன?” என்று அவன் கேட்கிறான், அவள் லேசாகச் சிரிக்கிறாள், படம் உறைந்து நின்றுவிடுகிறது. அவனிடம் சொல்லாமலே போய்விடுவாள் என்று ஒரு கட்சி, ரெண்டு பேரும் சேர்ந்து ஊரைவிட்டுப் போவார்கள் என்று ஒரு கட்சி. நான் முதல் கட்சி.

பிடித்துவிட்டது. அடுத்து என்ன பார்க்கலாம்?

டிக்வரும் பொடென்ட்டேயும் மறுபடி சேர்ந்தது 2000-இல், ‘தி பிரின்சஸ் அண்ட் தி வாரியர்’. அங்கேயும் ஒரு விபத்தும் தற்செயலும்தான், ஆனால் ஓட்டம் இல்லை, நடைதான். இசைக்காக என்றால் 2006-இல் வந்த ‘பெர்ஃப்யூம்’. லோலாவுக்கு இசையமைத்த இதே மூவர், டிக்வர், ஜானி கிளிமெக், ரைன்ஹோல்ட் ஹைல், டெக்னோவை விட்டுவிட்டு ஆர்கெஸ்ட்ராவோடு உட்கார்ந்திருப்பார்கள்.